பதிமூன்றாம் குறிப்பு

செண்பகவல்லி போட்ட ஐந்து வீட்டுப் புதிருக்கு 'முடிச்சு' குழுவில் நாங்கள் நூற்று எண்பத்தேழு பேரும் சேர்ந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு விடை கண்டோம். நாலரை மணிக்கெல்லாம், கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் போகிற சாலையில் ஆறு வருஷமாக விலைபோகாமல் பூட்டிக் கிடந்த அலங்கார் நகரின் ஐந்து வீடுகளிலும், அந்தப் புதிரிலிருந்த ஐந்து பேரும் குடிவந்து, ஜன்னலைத் திறந்து, அடுப்பைப் பற்றவைத்திருந்தார்கள். முதல் வீட்டில் பூட்டு ரிப்பேர் செய்கிற காதர் மைதீன், இரண்டாவதில் கிளி வளர்க்கிற ரோஸ்லின் டீச்சர், மூன்றாவதில் சுக்குக் காபியைத் தவிர வேறெதையும் குடிக்காத சமையல்காரர் இருளப்பன், நாலாவதான நீல வீட்டில் தையல்கார விசாலம், கடைசியான ரோஸ் கலர் வீட்டில் கிளாரினெட் வாசிக்கிற நல்லமுத்து. ஒட்டிக்கட்டிய ஐந்து வீடுகளின் சுவர்களும் புதிரில் சொன்ன நிறத்துக்கு மாறியிருந்தன, பெயின்ட் வாசனைதான் இல்லை.

இந்தப் புதிர் எப்படிப்பட்டது என்று தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். யார் எந்த வீட்டில் இருக்கிறார் என்று நேராகச் சொல்ல மாட்டார்கள். கிளி வளர்ப்பவர் பச்சை வீட்டுக்குப் பக்கத்து வீடு, பூட்டு ரிப்பேர்காரர் ஓரத்து வீடு என்று சுற்றிவளைத்துப் பதினைந்து குறிப்பு கொடுப்பார்கள். கட்டம் போட்டு, இவர் அங்கே இருக்க முடியாது, அவர் இங்கே இருக்க முடியாது என்று கழித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரே ஒரு விடை மிஞ்ச வேண்டும். இரண்டு மிஞ்சினால் அது புதிரே இல்லை, போட்டவருக்கு அதைவிடத் தலைகுனிவும் இல்லை.

நான் தங்கையா. பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறேன், போனில் நடக்கிற இந்தப் புதிர்க் குழுவுக்கு அட்மினும் நான்தான். ஊரில் எங்களை முடிச்சவிக்கிகள் என்று கிண்டல் செய்வார்கள், செய்துவிட்டுப் போகட்டும். தோஹாவில் கிரேன் ஓட்டுகிற தவசியிலிருந்து ஆம்பூரில் செருப்பு டிசைன் போடுகிற யாஸ்மின் வரை எத்தனையோ பேர் முகம் தெரியாமல் ஒன்றாக உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொள்கிற இடம் அது. எங்கள் வழக்கம் ஒரு ஆளுக்கு ஒரு படி. முழு விடையும் தெரிந்தாலும் ஒருவர் ஒரு படிதான் போடலாம், காரணத்தோடு போட வேண்டும், அடுத்த படியை இன்னொருவர்தான் போட வேண்டும். காரணம் இல்லாத படியை நான் ஈவு இரக்கமில்லாமல் அழித்துவிடுவேன்.

செண்பகவல்லி ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். நாற்பத்தி மூன்று நர்சுகளுக்கு மாதாமாதம் டூட்டி சார்ட் போடுகிறவர். இவளுக்கு வெள்ளிக்கிழமை விரதம், அவளுக்குப் பரீட்சைக்குப் போகிற பிள்ளை, இந்த இரண்டு பேரையும் ஒரே வார்டில் போட்டால் சண்டை என்று அத்தனையையும் மனதில் வைத்துக் கட்டம் நிரப்பியே பழகிய கை என்பதால் புதிர் போடுவது அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

குடிவந்தவர்களை ஊர் சீக்கிரமே பழகிக்கொண்டது. வீடு கட்டிய புரமோட்டர் காரில் வந்து இறங்கி, இது யார் வீடு தெரியுமா என்று குரலை உயர்த்தினார். "நான் ரோஸ்லின் டீச்சருக்கு இடப்பக்கம்" என்றார் காதர் மைதீன் மரியாதையாக, புரமோட்டர் ஐந்து வீட்டையும் ஒருமுறை விரல்விட்டு எண்ணிப் பார்த்துவிட்டுக் காரில் ஏறிப் போய்விட்டார். கணக்கெடுக்க வந்த பெண் வயது, பிறந்த ஊர், அப்பா பேர் எதற்கும் பதில் கிடைக்காமல், குறிப்பில் இல்லை என்று ஐந்து பாரத்திலும் எழுதிக்கொண்டாள், ஆபீசிலும் அதை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ரோஸ்லின் டீச்சரிடம் கணக்கு டியூஷனுக்குப் பதினோரு பிள்ளைகள் சேர்ந்தன. அவர்கள் ஐந்து பேரும் வாசற்படி தாண்ட மாட்டார்கள், தாண்டவும் முடியாது, ஏனென்றால் புதிரில் தெரு என்று ஒன்று இல்லை. அதனால் காய்கறி வண்டி வாசலுக்கே வந்தது, பூட்டும் சாவியும் துணியும் ஜாக்கெட் அளவும் வாசலுக்கே வந்தன.

ரொம்பத் திண்டாடியது பால்கார மூக்கையாதான். எத்தனை லிட்டர் வேண்டும் என்று கேட்டால் காதர் மைதீன், "டீச்சரை விடக் கூட" என்றார். டீச்சர், "நல்லமுத்து சாரை விடக் குறைச்சல்" என்றார். இருளப்பன், "நமக்குப் பாலே ஆகாது, ஆனா எங்க அஞ்சு பேருக்கும் சேர்த்து மூணு லிட்டருக்கு மேல போகாது" என்றார். ஐந்து வாசலிலும் ஒரு சுற்றுப் போய்விட்டுத்தான் முதல் வாசலில் கேனைத் திறக்க முடியும் என்று மூக்கையாவுக்கு மூன்றாம் நாள் புரிந்தது, ஐந்தாம் நாள் அவன் சாக்பீஸ் வாங்கிக்கொண்டான், பத்தாம் நாள் என் கடைக்கு வந்து, "அண்ணாச்சி, அந்தக் குழுல என்னையும் சேத்துவிடுங்க" என்றான். அவன் சேர்ந்ததும் காய்கறி வண்டிக்காரர் சேர்ந்தார், டியூஷன் பிள்ளைகளின் அம்மாக்கள் சேர்ந்தார்கள், குழு முந்நூறைத் தாண்டியது.

இதற்குள் இன்னொன்றும் ஊருக்குப் பழகியிருந்தது. குடிவந்த மறுநாள் திங்கட்கிழமை, தீப்பெட்டி ஆபீஸில் மத்தியானச் சங்கு ஊதியதும் நீல வீட்டிலிருந்த விசாலம் ரோஸ் வீட்டிலும், ரோஸ் வீட்டிலிருந்த நல்லமுத்து நீல வீட்டிலும் இருந்தார்கள். செவ்வாய்க்கிழமை சங்குக்குத் திரும்ப இடம் மாறினார்கள், புதன்கிழமை மறுபடியும். ஞாயிற்றுக்கிழமை ஆபீசுக்கு லீவு, சங்கு கிடையாது, அன்றைக்கு மட்டும் இருந்த இடத்தில் இருந்தார்கள். காலையில் நீல வீட்டில் ஜாக்கெட் தைக்கக் கொடுத்த பெண்கள் சாயங்காலம் அங்கே போய்க் கதவைத் தட்டினால் நல்லமுத்து கிளாரினெட்டோடு வந்து நின்று, "பக்கத்துல கேளுங்கம்மா" என்பார், அவர்களும் ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் போய்க் கேட்பார்கள்.

சங்கு ஊதும்போது விசாலத்தோடு தையல் மெஷினும் தைக்கிற துணியும் மாறும், நல்லமுத்துவோடு கிளாரினெட் மாறும், புதிரில் அவர்களுக்கென்று சொன்னது அவ்வளவுதான். மற்றதெல்லாம் வீட்டிலேயே தங்கிவிடும். அதனால் நல்லமுத்து ஆணியில் மாட்டிய சட்டையை மத்தியானத்துக்கு மேல் விசாலம் பார்த்தாள், பட்டன் தொங்கிக்கொண்டிருந்தது, தைத்து வைத்தாள். மறுநாள் அவர் வந்து பட்டனைப் பார்த்தார். அடுத்த நாள் சங்குக்குக் கொஞ்சம் முன்னால் தட்டப்பயறு சுண்டல் தாளித்து, தட்டால் மூடி வைத்துவிட்டுப் போனார். அவள் சாப்பிட்டுவிட்டுப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அவர் தரையில் கிடந்த நூல் பிசிறுகளைப் பெருக்கினார், அவள் அவருடைய ஈர வேட்டியைக் கொடியில் உதறிப் போட்டாள், ஆள் உயரம் தெரியாமல் குத்துமதிப்பாக அவருக்கு நாலு புதுச் சட்டையும் தைத்து ஆணியில் மாட்டிவைத்தாள். இரண்டு பேரும் ஒருவரையொருவர் கண்ணால் பார்க்காமலே, இரண்டு வீட்டிலும் மாறிமாறி ஒரே குடும்பம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

பேச்சு நடுச்சுவர் வழியாக நடந்தது.

"என்னங்க, ரெண்டாவது பட்டன் திரும்பவும் தெறிச்சிருக்கே, எப்படி?"

"மூச்சு இழுத்து வாசிக்கணும்லா, நெஞ்சு விரியுதில்ல."

"அப்ப ஒரு இஞ்ச் பிரிச்சு விடுதேன். சுண்டல்ல உப்புக் கம்மி."

"நாளைக்குச் சரி பண்ணிருவோம்."

அவள் பெடலை மிதிக்கிற தாளத்துக்கு அவர் வாசிக்க ஆரம்பித்து, அவர் வாசிக்கிற வேகத்துக்கு அவள் தைக்க ஆரம்பித்து, கடைசியில் எந்தச் சத்தம் எதன் பின்னால் போகிறதென்று யாருக்கும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. போனில் அவரைப் போட்டோ எடுத்துக் காட்டட்டுமா என்று மூக்கையா கேட்டதற்கு விசாலம் வேண்டாமென்று சொல்லிவிட்டாள். "பாத்தா நேர்ல பாக்கணும். போட்டோ எல்லாம் பொண்ணு பாக்க வாரவங்களுக்கு" என்றாளாம்.

இப்படி நாள் போய்க்கொண்டிருந்தபோது ஒரு புதன்கிழமை மத்தியானம் மூக்கையா குழுவில் ஒரு கேள்வி கேட்டான். அவன் புது ஆள் என்பதால் பழைய புதிர்களையெல்லாம் தனியாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். 'ஐந்து வீட்டுப் புதிரில் விசாலம் நாலாவதா ஐந்தாவதா என்று எனக்கு முடிவு வரவில்லையே, எந்தக் குறிப்பை வைத்து நாலு என்கிறீர்கள்?' என்று கேட்டிருந்தான். கண்ணாடிக்கு ஃப்ரேம் மாட்டிக்கொண்டிருந்த எனக்குக் கை நின்றுவிட்டது. அந்தப் படியைப் போட்டது தோஹா தவசி. அதற்கு முந்தைய படி போட்டவர் பார்த்திருப்பார் என்று அவன் நினைத்திருக்கிறான், அடுத்த படி போட்டவர் தவசி பார்த்திருப்பான் என்று நினைத்திருக்கிறார், ஒவ்வொருவரும் தன் படியை மட்டும் பார்த்தால் போதுமென்று நூற்று எண்பத்தேழு பேரும் தாண்டிப் போயிருக்கிறோம். கடைசியில் 'சரி' என்று முத்திரை குத்தியது நான்.

செண்பகவல்லி தன் நோட்டை எடுத்துப் பார்த்தார். நோட்டில் பதினைந்து குறிப்பு இருந்தது, குழுவில் பதினாலுதான் இருந்தது. பன்னிரண்டாவதை டைப் செய்துவிட்டு வார்டில் பெல் அடித்தது என்று எழுந்து போனவர், திரும்பி வந்து பதினாலாவதிலிருந்து ஆரம்பித்திருக்கிறார். விட்டுப்போன பதிமூன்றாவது இதுதான்: விசாலம் இருளப்பனுக்குப் பக்கத்து வீடு. அது இருந்தால் விசாலம் நாலாவது. அது இல்லாததால் நாலாகவும் இருக்கலாம், ஐந்தாகவும் இருக்கலாம், அவளும் பாவம் மாறிமாறி இரண்டு இடத்திலும் இருந்துகொண்டிருந்தாள்.

"என் பேரே போச்சு அண்ணாச்சி" என்று செண்பகவல்லி போனில் அழுதேவிட்டார். "ஞாயித்துக்கிழமை நாலு மணிக்குப் பதிமூணாவதைப் போட்டுருதேன். எல்லாம் நேராயிரும்."

"போடுங்க" என்றேன். எனக்குக் குழுவின் மானம்தான் பெரிதாகத் தெரிந்தது, அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

வெள்ளிக்கிழமை காலையில் குழுவில் மூக்கையாவின் போனிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. பேசியது விசாலம்.

"எல்லாருக்கும் வணக்கம். நான் விசாலம், தையல். அந்தப் பதிமூணாவதைப் போட்டுறாதீங்கம்மா. போட்டா நான் நாலாம் வீடு, அவுக அஞ்சாம் வீடு, அப்புறம் மாறவே மாட்டோம். அவுக சட்டையை நான் எப்படி எடுக்க? அவுக வச்ச சாப்பாடு எனக்கு எப்படி வரும்? இப்பமாவது ஒருத்தர் இருந்த வீட்டுல ஒருத்தர் இருக்கோம். அதையும் எடுத்துறாதீங்க."

அதைக் கேட்டதும் நான் கடையைப் பூட்டிவிட்டு அலங்கார் நகருக்குப் போனேன். வாசலில் நிற்கும்போது உள்ளே மெஷினும் பக்கத்து வீட்டில் கிளாரினெட்டும் கேட்டன, ஊரில் எந்தக் கல்யாண வீட்டிலும் நான் அப்படி ஒரு சேர்க்கையைக் கேட்டதில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு கட்டம் சரியாக நிரம்ப வேண்டும் என்பதற்காக இரண்டு பேருக்கு நடுவில் சுவர் எழுப்பச் சம்மதித்திருக்கிறேன்.

அன்று மத்தியானமே குழுவில் வாதம் பிடித்துக்கொண்டது. ஒரு வீட்டுக்கு ஒருவர் என்கிற முதல் வரியையே எடுத்துவிட்டால் அவர்கள் ஒரே வீட்டில் இருக்கலாமே என்றான் தவசி. எடுத்தால் மற்ற மூன்று பேரும் எந்த வீட்டிலும் இருக்கலாம் என்று ஆகிவிடும், காதர் மைதீன் ஒவ்வொரு சங்குக்கும் ஒவ்வொரு வீட்டில் போய் விழுவார், கிளி என்னத்துக்கு ஆகும் என்றார் யாஸ்மின். அப்படியென்றால் புதுசாக ஒரு புதிர் எழுதுவோம், மூன்று பேரையும் அசையாமல் பிடித்து வைக்கிற குறிப்பும், விசாலத்தையும் நல்லமுத்துவையும் ஐந்தாம் வீட்டில் சேர்த்து வைக்கிற குறிப்பும் போட்டு, ஒரே விடை வருகிற மாதிரி செய்துவிடுவோம் என்றேன். எல்லோரும் கைதட்டினார்கள். செண்பகவல்லி மட்டும் கைதட்டவில்லை.

"ஒரே விடை வேண்டாம்" என்று எழுதினார். "பதினெட்டு வருஷமா ஆளைக் கேக்காம டூட்டி போட்டு நான் வாங்குன திட்டு கொஞ்சமில்ல. சட்டைக்குப் பட்டன் வச்சதுக்காகச் சேந்து குடியிருந்துதான் ஆகணும்னு அந்தப் பிள்ளைய நாம கட்டத்துல அடைக்கக் கூடாது. அவளுக்குத் தனியா இருக்கவும் வழி இருக்கணும். கடைசிப் படியில ரெண்டு விடை இருக்கட்டும். எதுன்னு அவ சொல்லட்டும்."

இரண்டு விடை உள்ள புதிர். தெரிந்தே. எங்கள் குழுவில். தவசி தலையில் கைவைத்த படம் ஒன்றைப் போட்டான், யாஸ்மின் கட்டைவிரலைக் காட்டினார், அதன்பின் கட்டைவிரல்கள் வந்துகொண்டே இருந்தன, நானும் ஒன்று போட்டேன்.

வெள்ளி சாயங்காலமும் சனி முழுக்கவும் அந்தப் புதிரை எழுதினோம். இந்தத் தடவை ஒவ்வொரு படியையும் அத்தனை பேரும் சரிபார்த்தோம், கிரேன் மேலே உட்கார்ந்து சாப்பாட்டு இடைவேளையில் தவசி பார்த்தான், பால் கேனில் சாக்பீஸால் கட்டம் போட்டு மூக்கையா பார்த்தான். மூன்றாவது விடை ஒன்று எங்கேயாவது ஒளிந்துகொண்டிருந்தால் ஐந்து பேரும் சிதறிவிடுவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஒளிந்திருந்ததைச் சனிக்கிழமை டியூஷன் அம்மா ஒருவர் பிடித்தார், இருளப்பன் முதல் வீட்டுக்கு நழுவப் பார்த்தார், ஒரு குறிப்பைப் போட்டு இறுக்கினோம். முதல் வரியைச் செண்பகவல்லியே எழுதினார்: ஐந்து வீடுகள், வீடு காலியாக இருக்கலாம், ஒன்றில் இரண்டு பேரும் இருக்கலாம். அதன் கீழே, யாரும் கேட்காமலே, இன்னொரு வரி சேர்த்திருந்தார்: வீடுகளுக்கு முன்னால் ஒரு தெரு, அதில் யாரும் நடக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு ஆரம்பித்தோம். ஒரு ஆளுக்கு ஒரு படி. காதர் மைதீனை யாஸ்மின் உட்கார வைத்தார், ரோஸ்லின் டீச்சரையும் கிளியையும் காய்கறி வண்டிக்காரர் உட்கார வைத்தார், இருளப்பனைத் தவசி மூன்று தடவை சரிபார்த்து உட்கார வைத்தான். விசாலம் ஐந்தாம் வீடு என்பது ஏழாவது படியில் முடிவாயிற்று, நடுவில் ஒரு நாள் தீப்பெட்டி ஆபீசுக்கு லீவு விட்டதில் முறை மாறி, சனிக்கிழமைச் சங்குக்கே அவள் அங்கேதான் வந்திருந்தாள். மிச்சம் நல்லமுத்து. நாலில் இருக்கலாம், ஐந்திலும் இருக்கலாம்.

நாங்கள் கொஞ்சம் பேர் தெருவில் நின்றோம். ரோஸ் வீட்டு ஜன்னல் கம்பிக்கு வெளியே நின்று மூக்கையா போனை உள்ளே நீட்டினான். பக்கத்து வீட்டில் கிளாரினெட் நின்றுபோயிருந்தது. சுவரின் அந்தப் பக்கமிருந்து நல்லமுத்து சொன்னது தெருவுக்கே கேட்டது.

"விசாலம், உங்களுக்கு எது தோதோ அதையே போடுங்க. நாலாம் வீட்டுல இருந்தாலும் நான் வாசிக்கத்தான் செய்வேன். இப்பம் தெரு இருக்கு, சுண்டலை நடந்து வந்து குடுத்துட்டுப் போறேன்."

விசாலம் போனை வாங்கி, தையல்காரிக்கே உரிய நிதானத்தோடு ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அழுத்தினாள். அவள் தனியாக இருக்கிறேன் என்று சொன்னால் அதுவும் சரியான விடைதான், அப்படித்தான் எழுதியிருந்தோம், இருந்தாலும் நான் என் போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அப்புறம் எல்லோர் கையிலும் ஒரே நேரத்தில் போன் அதிர்ந்தது.

'நல்லமுத்து ஐந்தாம் வீடு. காரணம்: நான் சொல்கிறேன்.'

இதைவிடப் பலமான காரணம் எங்கள் குழுவில் அதுவரை வந்ததில்லை. 'சரி' என்று போட்டேன், போடும்போது எனக்குக் கண் கலங்கி எழுத்து மங்கியது, கண்ணாடிக் கடைக்காரனுக்கே அந்த நிலைமை.

நீல வீட்டுக் கதவு திறந்தது. நல்லமுத்து கிளாரினெட் பெட்டியை ஒரு கையிலும், மூடி போட்ட பாத்திரத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொண்டு வாசற்படியில் நின்று தெருவைப் பார்த்தார், வலது காலை வெளியே வைத்தார், தெரு தாங்கியது, இடது காலையும் வைத்தார். காதர் மைதீன் முதல் வீட்டிலிருந்து ஓடிவந்து மூக்கையாவின் தோளைக் கட்டிக்கொண்டார், ரோஸ்லின் டீச்சர் கிளிக்கூண்டோடு நடுத்தெருவுக்கே வந்துவிட்டார், இருளப்பன் எங்கள் எல்லோருக்கும் சுக்குக் காபி போடுவதாகச் சொல்லித் திரும்ப உள்ளே போனார். நல்லமுத்து யாரையும் பார்க்கவில்லை. எட்டே எட்டு அடிதான் தூரம், அதை நடந்து முடிக்க அவருக்கு ரொம்ப நேரம் ஆனது. ரோஸ் வீட்டு வாசலில் போய் நின்று, பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுக் கதவைத் தட்டினார்.

கதவு திறந்தது. விசாலம் கழுத்தில் அளவு நாடாவோடு, நேராகப் பார்த்தால் அவருடைய இரண்டாவது பட்டன் வருகிற உயரத்தில் நின்றாள். பட்டனைப் பார்த்தாள், அப்புறம் தலையை நிமிர்த்தி, இன்னும் நிமிர்த்தி, அவர் முகத்தைக் கண்டுபிடித்தாள்.

"ஏங்க, இவ்வளவு உயரமாவா இருக்கீக? நாலு சட்டையும் கையி கட்டையால்ல போயிருக்கும்! உள்ள வாங்க, அளவெடுக்கணும்."